பதினாலு மாடி

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு எல்.ஐ.சி. என்று பெயர். “எல்.ஐ.சி.ல வடாம் காய வெச்சிருக்கேன், காக்கா வருதா பாரு” என்பாள் அம்மா. வீட்டுக்கு வாழ வந்த மருமகள்கள் முதல் ஒரு வாரம் ஒன்றும் புரியாமல் திகைத்துப் போவார்கள். பதினேழு படி ஏறினால் வந்துவிடும் மாடி அது. ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு 1984-இல் அப்பா கான்கிரீட் தளம் போட்டார். 1959-இல் அவர் எடுத்த 25 வருட பாலிசி அந்த வருடம்தான் முதிர்ந்து கைக்கு வந்தது.

பெயர் வைத்தவர் பெரியப்பா. தளத்துக்குக் கம்பி கட்டியதும் அவர்தான். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, ஒரு கால் சரியாக ஊன்ற வராது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, கட்டுக்கம்பியைக் கொக்கியால் சுழற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார். வேலை முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, “அங்க போட்ட அதே முடிச்சுதான் தம்பி, பார்த்துக்கோ” என்றார். அங்க என்றால் மவுண்ட் ரோடு. எங்கள் குடும்பத்தில் அதற்கு வேறு பொருள் கிடையாது.

எங்கள் தாத்தா சுண்ணாம்புக் கொத்தனார். மெட்ராஸ் டெரஸ் போடுவதில் பேர் எடுத்தவர். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டவேண்டும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு பாட்டும் உண்டு என்று பாட்டி சொல்லுவாள். அப்படிக் கட்டிய வீடுகள் இரண்டு மாடி, மிஞ்சினால் மூன்று. சுவர்தான் பாரம் தாங்கவேண்டும் என்பதால் உயரம் போகப்போக அடிச்சுவர் பருத்துக்கொண்டே போகும். அதற்குமேல் போக அந்த வேலை இடம் கொடுக்காது.

பெரியப்பா அந்தத் தொழிலை விட்டுக் கம்பி வேலைக்குப் போனதில் தாத்தாவுக்குக் கடைசிவரை வருத்தம். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்டு விடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஆனால் 1953-இல் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய வேலை தொடங்குகிறது, கம்பி கட்டத் தெரிந்தவன் வேண்டும் என்று தெரிந்த மேஸ்திரி வந்து கூப்பிட்டபோது, தூக்குச்சட்டியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு பெரியப்பா ரயிலேறிவிட்டார்.

அந்த வேலை எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாருடையது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் அவர். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியும் அவர் கையில் இருந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு தலைமையகம் வேண்டும், நாடே அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தார். வரைபடம் போட லண்டனிலிருந்து எச்.ஜே. பிரவுன், எல்.சி. மௌலின் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள். கட்டும் பொறுப்பு கோரமண்டல் என்ஜினீயரிங் கம்பெனிக்கு. அது முருகப்பா குடும்பத்தாருடையது. அம்பத்தூரில் அப்பா வேலை பார்த்த டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும் அவர்களுடையதுதான். அண்ணன் கட்டடத்துக்குக் கம்பி வளைக்க, தம்பி பிரேசிங் ஷாப்பில் சைக்கிள் பிரேமுக்குக் குழாய் ஒட்ட, ஒரே குடும்பத்துக்காரரின் சம்பளம் இரண்டு பேர் கைக்கும் வந்தது. இதை இருவருமே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

செட்டியார் தன் கட்டடம் எழும்பி நின்றதைப் பார்க்கவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். வேலை நடந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஜனவரியில், 1955-இல், எங்களூருக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பொட்டல்வெளியாகக் கிடந்த இடத்தில் பந்தல் போட்டு, அதற்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயரும் வைத்தார்கள். தலைவர் யு.என். தேபர். நேரு வந்திருந்தார், முதலமைச்சராகக் காமராஜர் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். நான் பிறந்ததும் அதே மாதம். அம்மாவையும் என்னையும் பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பாவும் பெரியப்பாவும் நேருவைப் பார்க்க ஆவடிக்கு நடந்தே போயிருக்கிறார்கள். தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது என்று அப்பா சொல்லுவார். தீர்மானம் என்ன என்று அவருக்கு அன்றைக்குத் தெரியாது. கூட்டத்தில் செருப்பு தொலைந்ததுதான் நினைவிருந்தது.

அந்தத் தீர்மானம் பெரியப்பா கம்பி கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே ஒரு வருடத்தில் வந்து சேர்ந்தது. 1956 ஜனவரி 19 அன்று நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசினார். ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொள்கிறது என்றார். செப்டம்பர் 1 முதல் 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., பிறந்தது. யுனைடெட் இந்தியாவும் அதில் கலந்தது. பாதி எழும்பியிருந்த கட்டடமும் கூடவே போனது. லண்டன்காரர்களுக்குப் பிறகு எல்.எம். சித்தாலே வேலையை ஏற்று முடித்தார். 1959 ஆகஸ்டு 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். 177 அடி உயரம். அன்று இந்தியாவிலேயே அதற்கு மேல் உயரமான கட்டடம் இல்லை. ஒரு செட்டியார் தன் கம்பெனிக்கென்று தொடங்கியது, திறந்த நாளில் பிரீமியம் கட்டுகிற எல்லோருடையதாகவும் ஆகியிருந்தது. அப்பா பாலிசி எடுத்தது அந்த வருடம்தான். “நம்ம காசும் அதுல கீது இல்ல” என்று பெரியப்பா அவரைச் சீண்டியதாக அம்மா சொல்லுவாள். அதில் சீண்டலைவிட ஆசைதான் அதிகம் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது.

பெரியப்பாவுக்குப் பாலிசி கிடையாது. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். கூலிக்காரருக்கு எதில் பிடிப்பது? அவரை யாரும் கேட்கவும் இல்லை, அவரும் கேட்கவில்லை. நாட்டின் ஆயுள் காப்பீட்டுக்கே தலைவாசல் போல நின்ற கட்டடத்தின் கம்பியைக் கட்டியவர், பிறகு வேறொரு இடத்தில் சவுக்குச் சாரம் சரிந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பெரியம்மாவின் தோடுதான் போனது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளருக்கென்று நல வாரியம் அமைந்தது 1994-இல். அதற்குள் அவருக்குக் கட்டுகிற வயது போய்விட்டது.

நாங்கள் அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனது 1963-இல். எனக்கு எட்டு வயது. அம்பத்தூர்ப் பாதையில் மின்சார ரயில் 1979-இல்தான் வந்தது. அன்று கரி வண்டி. அம்மா புளிசோறு கட்டிக்கொடுத்தாள். சென்ட்ரலில் இறங்கி, பெரியப்பா முன்னால் விந்தி விந்தி நடக்க, சிம்சன், ரவுண்டாணா எல்லாம் தாண்டி நடந்தோம். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் இல்லை. நடந்து போனால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வருவதைப் பார்க்கலாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. முதலில் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளை விளிம்பு. அப்புறம் வரிசை வரிசையாக ஜன்னல். அப்புறம் கழுத்து வலிக்கிற அளவுக்கு மேலே. எதிர்சாரியில் எங்களைப் போலவே இன்னும் பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்து நின்றார்கள். மதுரைப் பக்கத்துப் பேச்சுப் பேசினார் ஒருவர். பட்டணம் பார்க்க வருகிறவர்கள் உயிர்க் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலை, செத்த காலேஜ் என்கிற மியூசியம் என்று ஊர் சுற்றுகிற பட்டியலில் அதுவும் சேர்ந்திருந்தது. அந்த நாள் சினிமாவில் கிராமத்துப் பையன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரலின் மணிக்கூண்டும் இந்தக் கட்டடமும் போதும்.

“எண்ணும்மா” என்றார் பெரியப்பா. எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. அப்பா எண்ணினார், பதினைந்து என்றார். பெரியப்பா இருவரையும் ஒப்புக்கொள்ளவில்லை. “பதினாலு. எங்க இருந்து எண்ணுறேங்கிறதுலதான் கீது” என்றார். ஊர் முழுக்கவும் அதைப் பதினாலு மாடிக் கட்டடம் என்றுதான் சொன்னது. பிறகு நான் படித்தவற்றில் 12 என்று ஒன்றில் இருக்கிறது, 15 என்று இன்னொன்றில். எனக்குப் பெரியப்பாவின் கணக்குத்தான்.

வாசலில் காவலாளி நின்றார். பெரியப்பா கூச்சமே இல்லாமல் அவரிடம் போனார். “கம்பி கட்டினவன் நானு. தம்பி மக, பார்க்கணும்னு கூட்டியாந்தேன்” என்றார். காவலாளி எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். பெரியப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது போல எனக்கு ஞாபகம். அது உண்மையில் நடந்ததா, நானாக அப்புறம் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. உள்ளே விட்டார். லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, “கையைப் பிடிச்சுக்கோ பாப்பா, வயித்துல ஒரு மாதிரி இருக்கும்” என்றார். இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா ஒவ்வொரு தளம் தாண்டும்போதும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். அத்தனை தளத்தையும் தன் காலால் ஏறியவர் அவர். லிஃப்டில் போவது அன்றுதான் முதல் தடவை.

மேலே காற்று. பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கிழக்கே கடல் ஒரு சுவர் மாதிரி எழுந்து நின்றது. கோட்டைக் கொடிமரம், சென்ட்ரல் மணிக்கூண்டு, சாந்தோம் கோபுரம். மேற்கே திரும்பினால் ஓட்டுக் கூரைகளும் தென்னை மரங்களும், அவற்றுக்கு அப்பால் பச்சை. வடமேற்கில் பெரம்பூர்ப் பக்கம் மில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. “அந்தப் புகைக்குப் பின்னாடிதான் நம்ம வீடு” என்றார் அப்பா. எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவர் கையை நீட்டிக் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. “இந்தியாவுலயே உசரம்” என்றார் பெரியப்பா. பம்பாயில் உஷா கிரண் 1961-இலேயே இதைத் தாண்டிவிட்டது என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் என்ன இருந்தது?

1975 ஜூலை 11. கட்டடம் தீப்பிடித்தது. நான் எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்த நேரம். மறுநாள் காலை பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். சாயங்காலம்தான் திரும்பினார். எதிர்சாரியில் நின்று பார்த்திருக்கிறார். ஜன்னலெல்லாம் கருகிப்போயிருந்ததைச் சொன்னார். பெரியம்மா காப்பி கொடுத்தாள், குடிக்காமல் வைத்திருந்தார். கடைசியில் ஒன்று சொன்னார்: “கம்பி நிக்குது.” பழுது பார்த்து மறுபடியும் அலுவலகம் நடந்தது. ஆனால் முகம் முன்போல் இல்லை என்று அவர் சாகும்வரை சொன்னார்.

1977-இல் எனக்குப் பூந்தமல்லியில் கல்யாணம். வேலை மவுண்ட் ரோட்டில் கிடைத்தது. அதற்குள் அது அண்ணா சாலை. தினமும் 54-ஆம் நம்பர் பஸ். போரூர், கிண்டி, சைதாப்பேட்டை என்று வந்து, “எல்.ஐ.சி.லாம் எறங்கு, எல்.ஐ.சி.லாம் எறங்கு” என்று கண்டக்டர் கத்துவார். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குரலுக்கு இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அத்தனை வருடத்தில் நின்று அண்ணாந்து பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கைப்பையையும் முந்தானையையும் பிடித்துக்கொண்டு படியில் இறங்குகிறவளுக்கு ஒரு கட்டடம் நிறுத்தமாகிவிடுகிறது. ஒரே ஒரு முறை வாசலில் நின்று உள்ளே பார்த்தேன், 1984-இல், அப்பாவின் பாலிசிப் பணம் வந்த மாதம். பணம் எங்கள் பக்கத்துக் கிளை அலுவலகத்திலிருந்துதான் வந்தது. ஆனாலும் இங்கே வந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனேன்.

அப்போதெல்லாம் பூந்தமல்லியில் எங்கள் மாமனார், “நாளைக்கு மெட்ராஸ் போறேன்” என்று வேட்டியைத் துவைத்துக் காயப்போடுவார். அம்பத்தூரிலும் அப்படித்தான். 2011-இல் அம்பத்தூரைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. ஆவடி 2019-இல் தனியாகவே மாநகராட்சி ஆகிவிட்டது. நேருவுக்குப் பந்தல் போட்ட அந்த ஊரில் பிற்பாடு வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, பீரங்கி வண்டி செய்யும் அரசுத் தொழிற்சாலை, 2021 அக்டோபரில் நிகம் என்று பெயரில் வரும் ஓர் அரசுக் கம்பெனியின் கீழ் போனது.

கணவர் போன பிறகு நான் அம்பத்தூருக்கே திரும்பி வந்துவிட்டேன். எஸ்டேட் ரோட்டில் நடந்தால் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். லேத்து ஓடிய ஷெட்டுகள், பிளேட்டிங் பட்டறைகள், மாவு மில் சத்தம் போலக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பிரஸ் ஷாப்புகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நீலக் கண்ணாடி எழும்பி நிற்கிறது. பெரம்பூரில் அப்பா கை காட்டிய புகை வந்த பின்னி மில் நிலத்தில் நாற்பது மாடிக்கும் மேல் குடியிருப்பு வந்துவிட்டது. பதினாலு மாடியை அதன் பக்கத்தில் நிறுத்தினால் இடுப்புக்குக்கூட வராது.

என் பேத்தி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அப்படியொரு கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் நின்ற பையன் மரியாதையாகத்தான் பேசினான். பேரைக் கேட்டான், போனில் படம் எடுத்தான், நெம்பர் ஒன்று வந்திருக்குமே சொல்லுங்க ஆயா என்றான். எதுவும் வரவில்லை. “மேல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் தம்பி, இந்த ஊர்லயே பொறந்தவ” என்று கேட்டுப் பார்த்தேன். அவன் ஒடிசாப் பையன். பாதி புரிந்து, பாதி புரியாமல் சிரித்தான். “ரூல் இல்லே ஆயா” என்றான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனும் மேலே போனதில்லையாம்.

பேத்தி கீழே வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள். அரை மணி கழித்து வீடியோ காலில் வந்தாள். கேன்டீன் ஜன்னலில் போனை வைத்துக் காட்டினாள். ஏரி தெரிந்தது, ரயில் பாதை தெரிந்தது, மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் கணக்கில்லாமல் தெரிந்தன. “நம்ம எல்.ஐ.சி. தெரியுது ஆயா, நீ வடாம் போட்டிருக்கியே” என்றாள். கிழக்கே காட்டச் சொன்னேன். மவுண்ட் ரோட்டைத் தேடினேன். புகைமூட்டத்தில் பழுப்பாக என்னென்னமோ உயர்ந்து நின்றன. எது எங்களுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

1963-இல் ரயிலேறிப் போய், பெயர் தெரியாத ஒரு காவலாளியிடம் உள்ளங்கையைக் காட்டி நாங்கள் உச்சிக்கே போய்விட்டோம். இன்று உயரமான கட்டடம் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது, அதன் படிக்கட்டைக்கூட நான் பார்த்ததில்லை. எஸ்டேட்டிலும் பூந்தமல்லி மெட்ரோ தூண்கள் எழும்பிய இடங்களிலும் மஞ்சள் தொப்பி போட்ட வடநாட்டுப் பையன்கள் தகர ஷெட்டில் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் கையைத்தான் முதலில் பார்ப்பேன். கட்டுக்கம்பி கீறிய கோடுகள் அதே இடத்தில், ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில்.

2022-இல் எல்.ஐ.சி. பங்குகளை விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. என் பெயரில் ஒரு பாலிசி உண்டு. பாலிசிதாரருக்குத் தள்ளுபடி, பான் எண்ணை இணைக்கவேண்டும், டீமேட் கணக்கு வேண்டும் என்று பேத்தி எல்லாவற்றையும் அவளே செய்தாள். அரசு 3.5 சதவீதம் விற்றது. பங்கு விலை 949 ரூபாய், எங்களுக்கு 60 ரூபாய் குறைவு. 15 பங்குகள் ஒரு கட்டு. எனக்கு ஒரு கட்டு விழுந்தது. 13,335 ரூபாய். மே 17 அன்று சந்தைக்கு வந்த நாளில் விலை 949-க்குக் கீழேதான் நின்றது. “நஷ்டம் ஆயா, வித்துடவா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்பாவின் செருப்பைத் தொலைத்த ஆவடித் தீர்மானம் ஒரு கட்டடத்தைச் செட்டியாரிடமிருந்து எடுத்து எல்லோருக்கும் கொடுத்தது. அறுபத்தாறு வருடம் கழித்து அதில் 15 பங்கை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அப்பா பிரீமியம் கட்டியபோது அது எங்களுடையது என்று பெரியப்பாவுக்கு எந்தக் காகிதமும் இல்லாமலே நிச்சயமாகத் தெரிந்திருந்தது. எனக்கு இப்போது காகிதம்கூட இல்லை, பேத்தியின் போனில் ஒரு வரி இருக்கிறது.

2023 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மறுபடியும் அந்தக் கட்டடம், மறுபடியும் தீ. உச்சியிலிருந்த பெயர்ப்பலகை எரிந்தது. ஸ்கைலிஃப்ட் வண்டியை நீட்டி அணைத்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. அடுத்த வாரமே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ என்று பேத்தியிடம் சொன்னேன்.

அம்பத்தூரில் மின்சார ரயில், சென்ட்ரலில் மெட்ரோ. சென்ட்ரலுக்கு அடுத்தது அரசினர் தோட்டம், அதற்கு அடுத்தது எல்.ஐ.சி. 2019 பிப்ரவரியில் அந்தச் சுரங்கப்பாதை திறந்தது. பெரியப்பா ஒரு மணிநேரம் நடக்கவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் காட்டிய தூரத்தை இருட்டுக்குள் சில நிமிடத்தில் கடந்துவிட்டோம். “அடுத்த நிலையம் எல்.ஐ.சி.” என்றது ஒலிபெருக்கி. பெட்டியில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்க அங்கே எதுவும் இல்லை. பூமிக்கு அடியில் இறங்கி, நகரும் படியில் ஏறி, இன்னொரு நகரும் படியில் ஏறி, வெயிலுக்கு வந்தோம்.

திடீரென்று முழுசாக நின்றது. சின்னதாகிவிட்டதோ என்று பயந்துகொண்டே வந்தேன். இல்லை. சுற்றிலும் இருப்பவை பெருத்துவிட்டன, அவ்வளவுதான். உச்சியில் கரி பிடித்த இடம் ஏதும் தெரிகிறதா என்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. பேத்தியைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை ஆயா என்றாள்.

எதிர்சாரிக்குப் போய் நின்றோம். அண்ணாந்து பார்க்கிறவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

“எண்ணு கண்ணு” என்றேன்.

விரலை நீட்டி, உதட்டை அசைத்து எண்ணினாள். “பதினஞ்சு வருது.”

“எங்க இருந்து எண்ணினே?”

“கீழ இருந்துதான்.”

“உங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் பதினாலுன்னு சொல்லுவாரு.”

அவள் போனைப் பைக்குள் போட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இந்தத் தடவை மேலே இருந்து எண்ணத் தொடங்கினாள்.